வெளிச்சுவரோடு அளந்த வீடு

ஜனவரி 9

வீட்டுக்கார ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு மாடியில் மூன்று வருடமாகக் குடியிருக்கும் ராணுவக்காரன் எழுதுகிறேன். மூன்று வருடம் என்று பெயர்தானே தவிர, என் மூன்று விடுமுறையையும் கூட்டினால் நாம் இருவரும் முகம் பார்த்தது நூறு நாள்கூட இருக்காது. கைபேசியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள், எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பீர்கள். அதனால் எழுத்திலேயே சண்டை போடுகிறேன்.

இந்த மலைமேல் வீட்டோடு பேச வாரத்துக்கு மூன்று நிமிடம். வயர்லெஸ் கருவியைக் காலையிலிருந்து மாலைவரை காதில் மாட்டியிருப்பது நான்தான் என்றாலும், என் முறை வரும்வரை நானும் வரிசையில்தான் நிற்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வழக்கம்போல, "எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க உடம்பப் பாத்துக்குங்க" என்றாள். போனைப் பிடுங்கிய என் மகள் வாலு, "அப்பா, கீழ்வீட்டுத் தாத்தா வாடகைய ஏத்திட்டாரு. ஷூ அடுத்த மாசம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குச் செய்தி வருகிறது.

விசாரித்தேன். எங்களுக்கு வாடகைப்படியை எவ்வளவு உயர்த்தினார்களோ, வாடகையும் அவ்வளவே ஏறியிருக்கிறது. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. படி உயர்ந்த செய்தி எனக்கு வந்து சேரவே பதினைந்து நாள் ஆயிற்று. நீங்கள் அன்றைய செய்தித்தாளைப் படித்துவிட்டு அன்று மாலையே மாடி ஏறியிருக்கிறீர்கள்.

ஐயா, அந்தப் படி இத்தனை நாளும் வாடகைக்குப் போதவில்லை. மீதியை என் சம்பளத்திலிருந்து எடுத்துத்தான் கொடுத்து வந்தோம். இந்த உயர்வோடு அந்தத் தொல்லை தீர்ந்தது என்றிருந்தோம். கையில் வருவதற்குள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள். குவார்ட்டர்ஸ் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன், வரிசையில் இருநூற்றுப் பதினான்காவது ஆள். அது கிடைப்பதற்குள் வாலுவுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

நீங்கள் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெருவே சொல்கிறது. ஊர்க் கடைகளையெல்லாம் அளந்தீர்களே, உங்கள் மாடியை என்றாவது அளந்தீர்களா? நானூற்று எண்பது சதுர அடி என்று சொல்லி வாடகைக்கு விட்டீர்கள். அந்தக் கூடத்தில் வாசலிலிருந்து ஐந்து தப்படி வைத்தால் எதிர்ச்சுவர் மூக்கில் இடிக்கும். ஆறாவது தப்படி நான் வைத்ததே இல்லை.

என் மனைவிக்கு நான்காவது மாதம். இந்த நிலையில் அவளை வீடு மாற வைக்காதீர்கள். கேட்டுக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிக் குடித்தனக்காரன்


ஜனவரி 21

பொருள்: வாடகை உயர்வு.
பார்வை: தங்கள் 9ஆம் தேதிக் கடிதம்.

மாடியில் குடியிருப்பவருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதன் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள், அது சரியான முறை.

வாடகைப்படி என்பது வாடகைக்காக அரசாங்கம் கொடுப்பது. அது உயர்ந்தால் வாடகை உயர்வதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை. மொட்டைமாடியில் நீர்க்கசிவு, மோட்டாரில் கோளாறு. என் ஓய்வூதியம் உங்கள் படியைப்போல உயரவில்லை. படிக்கும் வாடகைக்கும் நடுவே தங்கள் கைப்பணம் போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் தங்கள் கடிதம் பார்த்துத்தான் அறிந்தேன். தங்கள் மனைவி, அந்தப் பெண், ஒரு நாளும் சொன்னதில்லை. முதல் தேதி காலை எட்டு மணிக்கு உறையில் வைத்துக் கொண்டுவந்து தருவார்.

அளவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருடப் பணியில் என் அளவை யாரும் குறை சொன்னதில்லை. இருபது கிராம் குறைந்ததற்காக என் சொந்த மச்சினன் கடைத் தராசுக்கு முத்திரை வைத்துப் பூட்டியவன் நான். என் மனைவி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவனிடம் அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள். நாளைக் காலை எஃகு நாடாவோடு மாடிக்குப் போய் அளந்து, தங்கள் மூக்கு இடித்தது சுவரின் குற்றமா, தப்படியின் குற்றமா என்று எழுத்துமூலம் தெரிவிக்கிறேன்.

வீட்டு உரிமையாளர்


ஜனவரி 24

பொருள்: மாடியின் அளவு.

மாடியில் குடியிருப்பவருக்கு,

அளந்தேன். ஒரு முறை அல்ல, நான்கு முறை. நாடாவின் மறுமுனையை வாலு பிடித்துக்கொண்டாள். நான்கு முறையும் நானூற்று முப்பத்திரண்டுதான் வந்தது.

நடந்த தவறு இது. வீடு கட்டிய காலத்தில் வெளிப்பக்கமாக அளந்து எழுதி வைத்த எண் அது. சுவர்களின் கனமும் மாடிப்படித் திருப்பமும் அதில் சேர்ந்திருக்கின்றன. குடித்தனம் வைக்கும்போது அதை அப்படியே சொல்லிவிட்டேன். இனிப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்து எடை போட்ட கடைக்காரர்களுக்கு நான் எத்தனை அபராதம் போட்டிருக்கிறேன் தெரியுமா? மூன்று வருடமாக நானும் பெட்டியோடுதான் எடை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஏற்றிய வாடகையை இறக்கிவிட்டேன். அளவு பத்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே பழைய வாடகையிலும் பத்தில் ஒரு பங்கு குறைக்கிறேன். அந்தப் பெண் வேண்டாம் என்றார். "ஐயா, அவரு ஏதோ கோவத்துல எழுதிருப்பாரு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். கோபத்தில் எழுதினாலும் சரியாக எழுதியிருக்கிறார் என்று சொன்னேன்.

தங்கள் தப்படிக்குக் குற்றமில்லை.

வீட்டு உரிமையாளர்


பிப்ரவரி 6

ஐயாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே பையில் வந்தன. முதல் கடிதத்தைப் படித்துப் பல்லைக் கடித்தேன். இரண்டாவதைப் படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். வீம்புக்குத்தான் அளக்கச் சொன்னேன். நீங்கள் அளப்பீர்கள் என்றுகூட நினைக்கவில்லை. அளந்தாலும் சொல்வீர்கள் என்று நிச்சயமாக நினைக்கவில்லை.

இங்கே எங்கள் சமையல்காரரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இப்படி ஒரு வீட்டுக்காரரா? கண்ணாடிப் பெட்டியில வெச்சு ஜனங்களுக்குக் காட்டணும்யா" என்றார். அவர் குடும்பம் பத்து வருடத்தில் ஏழு வீடு மாறியது.

வாலுவுக்கு ஷூ வாங்கியாயிற்று. போனில் அதைத் தரையில் தட்டித் தட்டிக் காட்டியே என் மூன்று நிமிடத்தையும் தீர்த்துவிட்டாள். ஆகவே அவள் அம்மாவின் உடம்பு எப்படி என்று உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவள் தண்ணீர்க் குடத்தோடு படியேறினால் தயவுசெய்து திட்டுங்கள். நான் திட்டினால் தொலைவிலிருந்து திட்டுவதாகிவிடும், பலிக்காது.

அன்புடன்
மாடிக் குடித்தனக்காரன்


ஏப்ரல் 2

ஐயா,

வணக்கம் சொல்லும் மனநிலையில் நான் இல்லை.

மார்ச் சம்பளத்தில் என் வாடகைப்படி பாதியாகிவிட்டது. ஏதோ தவறு என்று நினைத்து வயர்லெஸ்ஸில் கணக்குப் பிரிவைப் பிடித்தேன். அங்கிருந்த குமாஸ்தா நிதானமாகச் சொன்னார்: "தவறெல்லாம் இல்லைங்க. உங்க வருடாந்தரச் சான்றிதழ்ல வீட்டு உரிமையாளரே எழுதிருக்காரு, நானூத்தி முப்பத்திரண்டுன்னு. நானூத்தி ஐம்பதுக்குக் கீழ போனா அது குடும்ப வீடு இல்ல, தனி ஆள் அறை. தனி ஆளுக்குப் பாதிதான்."

ஒரு பெண், ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று, வருடத்துக்கு ஒரு மாதம் நான். இத்தனை பேர் இருக்கும் இடம் அரசாங்கத்தின் கண்ணில் தனி ஆள் அறையாம். அந்த விதி எனக்கும் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். போன மூன்று வருடமும் நீங்கள் நானூற்று எண்பது என்று எழுதினீர்கள், ஒரு தொல்லையும் இல்லை. நீங்கள் குறைத்த வாடகையைப்போலப் பல மடங்கு இப்போது படியில் போய்விட்டது. நல்லது செய்கிறேன் என்று குழியில் தள்ளிவிட்டீர்கள்.

புதுச் சான்றிதழ் ஒன்று எழுதிக் கொடுங்கள். பழைய எண்ணையே போடுங்கள். இந்த மாதத்துக்குள் வந்தால் ஏற்றுக்கொள்வார்களாம். யாரும் நாடாவோடு வந்து அளக்கப் போவதில்லை. ஒரே ஒரு எண்தானே ஐயா. ஒரு எண்ணுக்காக என் குடும்பம் தெருவுக்கு வர வேண்டுமா?

மாடிக் குடித்தனக்காரன்


ஏப்ரல் 13

பொருள்: சான்றிதழ்.
பார்வை: தங்கள் 2ஆம் தேதிக் கடிதம்.

தம்பிக்கு,

மூன்று நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். படிவம் மேசைமேல் இருக்கிறது. அளவு என்ற கட்டம் வரைக்கும் நிரப்பிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை.

முன்பு அனுப்பிய சான்றிதழில் அந்தக் கட்டத்தை நிரப்பிய அன்று அந்தப் பெண் பக்கத்தில்தான் நின்றார். "ஐயா, போன வருஷம் வேற எழுதிருந்தீங்களே" என்றார். போன வருடம் எழுதியது தப்பும்மா, இந்த வருடம்தான் சரி என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இருந்தாலும் தெரியாமல் எழுதியது வேறு, தெரிந்து எழுதுவது வேறு. எனக்கு இப்போது அளவு தெரியும். பயத்தால் சொல்லவில்லை. இந்த வயதில் என்னை யார் என்ன செய்துவிட முடியும்? ஆனால் நான் எழுதும் பொய்யைக் காட்டிப் பணம் வாங்கப் போவது நீங்கள். என்றைக்காவது ஒருவன் நாடாவோடு வந்தால், விசாரணை என் மேல் வராது, உங்கள் மேல் வரும். வருவான், தம்பி. முப்பத்திரண்டு வருடம் அப்படி வந்துகொண்டிருந்தவனே நான்தான்.

வாடகையில் இன்னும் குறைக்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "ஏற்கெனவே ஒரு தடவ குறைச்சதுக்கே இவ்வளவு ஆயிடுச்சு ஐயா" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பொய்யை என்னால் எழுத முடியாது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவும் முடியவில்லை.

வீட்டு உரிமையாளர்


ஏப்ரல் 23

ஐயாவுக்கு,

உங்கள் மேல் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. விசாரணை வரும் என்று நீங்கள் எழுதியது சரி. இங்கே ஒருவருக்கு வந்திருக்கிறது. அதையெல்லாம் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

நேற்று என் முறை. மனைவி வழக்கம்போல, "எல்லாரும் நல்லா இருக்கோம்." வாலுவைக் கூப்பிடு என்றேன். "அப்பா, நாங்க ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு பார்த்தோம். அங்க குழாய்ல தண்ணியே வரல. திரும்பி வரும்போது அம்மா ரோட்டோரமா உக்காந்துட்டாங்க, ஒரு பூக்காரம்மாதான் தண்ணி குடுத்தாங்க" என்றாள். அப்புறம் அம்மாவிடம் போன் போய்விட்டது. "அது சின்னப்பிள்ள, ஏதாவது சொல்லும்" என்றாள். அதற்குள் மூன்று நிமிடம் முடிந்தது. பின்னால் நின்றவருக்குப் போனைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எட்டாவது மாதம் ஐயா. ஆஸ்பத்திரி உங்கள் தெருமுனையில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கேட் மூடியிருக்கும் நேரத்தில் வலி எடுத்தால் ரயில் போகும்வரை நிற்க வேண்டும். எனக்கு ஜூன் கடைசியில்தான் விடுமுறை. பயமாக இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்கு வராத பயம்.

எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. பிரசவம் முடியும்வரை அவளை அங்கேயே இருக்க விடுங்கள், அது போதும். பாக்கியை நான் வந்து கட்டிவிடுகிறேன். அவள் உங்களிடம் கேட்க மாட்டாள், முதல் தேதி கையில் உறை இல்லாமல் உங்கள் முன்னால் வந்து நிற்கவும் மாட்டாள். அதற்குப் பயந்துதான் வீடு தேடுகிறாள். அந்த ஊரில் எனக்கென்று கேட்க உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

மாடிக் குடித்தனக்காரன்


மே 6

தம்பிக்கு,

பொருள், பார்வை எல்லாம் எழுத இன்று நேரமில்லை. கொத்தனார் கூலிக்காகக் கீழே காத்திருக்கிறார்.

உங்கள் கூடத்தின் எதிர்ச்சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருப்பது உங்களுக்குத் தெரியும். வெளிப்படி வழியாக வந்து நான் திறந்துகொள்ளும் அறை. உள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று வருடமாக நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் வழக்கு நாட்குறிப்புகள், முப்பத்திரண்டு வருடத்து நகல்கள், ஒரு நாற்காலி. தினமும் காலையில் போய் உட்கார்ந்து பழைய வழக்குகளைப் படித்துக்கொண்டிருப்பேன். யாரோ ஒருவர் எனக்குப் பயந்த காலம் அது. படித்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாலு ஷூவோடு எட்டி எட்டி அடி வைத்து நடக்கும் சத்தம் கேட்டது. ஐந்தாறு தப்படி, நிற்கும். திரும்பி ஐந்தாறு தப்படி, நிற்கும். உங்கள் முதல் கடிதம் ஞாபகம் வந்தது. அறைக்குள் இருந்தபடியே அறையை அளந்தேன். உட்பக்கமாக, சுவரை விட்டு. ஒன்பதுக்குப் பன்னிரண்டு. நூற்றெட்டு.

நானூற்று முப்பத்திரண்டும் நூற்றெட்டும் ஐந்நூற்று நாற்பது. நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர்காரரை வரச் சொன்னேன். அந்தப் பெண், "ஐயா, இதெல்லாம் போனா காலைல நீங்க எங்க உக்காருவீங்க?" என்று கேட்டார். கீழே தாராளமாக ஒரு நாற்காலி போட இடம் இருக்கிறது என்றேன். பேப்பர்காரரின் தராசு கிலோவுக்கு ஐம்பது கிராம் பொய் சொன்னது. முள்ளைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். வாழ்நாளில் முதல் தடவையாகப் பார்க்காததுபோல இருந்தேன். ஒரே ஒரு தடவைதான். அடுத்த முறை வரட்டும், விட மாட்டேன்.

இன்று சுவரை உடைத்து நிலை வைத்துவிட்டார்கள். வெளிக்கதவை அடைத்துப் பூசியாயிற்று. நிலை வைத்த பிறகுதான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன், அதற்கு முன்னால் இல்லை. கணக்குப் பிரிவு யாரை வேண்டுமானாலும் நாடாவோடு அனுப்பட்டும், காபி கொடுத்து அளக்கச் சொல்கிறேன். அவர்கள் சொன்ன கெடு தாண்டிவிட்டது. அதனால் அறை சேர்ந்த தேதியைப் போட்டு, விவரம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மே மாதத்திலிருந்து முழுப்படி தர வேண்டியதுதான், விதியை நானும் வாங்கிப் படித்துவிட்டேன்.

அறைக்கும் அதே விகிதத்தில் வாடகை உண்டு. சும்மா தந்தால் அந்தப் பெண் வாங்க மாட்டார், உங்களைவிட வீம்பு. எல்லாம் சேர்த்து உங்கள் முழுப்படிக்குள் அடங்கும். இந்த இரண்டு மாதப் பாக்கியை நீங்கள் வந்து தாருங்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம், வரவில்லை என்று நானே போய்ச் சொல்லிவிட்டேன். குழாயில் தண்ணீர் வராததையும் சொன்னேன்.

அளவோடு வரைபடம் இணைத்திருக்கிறேன். சன்னல் கிழக்கே. தொட்டிலுக்கு எந்த மூலை என்று அந்தப் பெண் உங்களைக் கேட்கச் சொன்னார்.

கீழ்வீட்டுத் தாத்தா


மே 17

ஐயாவுக்கு,

வரைபடம் கிடைத்தது. எங்கள் அறையில் அதை விரித்து வைக்க மேசை இல்லை. அதனால் வெளியே கொண்டுபோனேன்.

முகாமுக்குப் பின்னால் ஒரு சமதளம் இருக்கிறது. வயர்லெஸ்ஸுக்குக் கொடுத்த கம்பிச் சுருளை எடுத்து, உங்கள் அளவுப்படியே அங்கே வீட்டைப் போட்டேன். முளைகள் அடித்தேன், கம்பியை இழுத்துக் கட்டினேன். கூடம், சமையலறை, படுக்கும் அறை. கடைசியாக ஒன்பதுக்குப் பன்னிரண்டு. நிலை வருகிற இடத்தில் கம்பியை விட்டுவிட்டேன். பொழுதுபோகாதவர்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். முதலில் சிரித்தார்கள்.

சமையல்காரர் தேநீர் எடுத்துக்கொண்டு குறுக்கே கம்பியைத் தாண்டி வந்தார். "யோவ், அது சுவருய்யா! வாசல் அந்தப் பக்கம்" என்று நான்கு பேர் கத்தினார்கள். அவர் உண்மையாகவே பதறிப்போய்ப் பின்னால் போய், சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக வாசல் வழியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தன் வீட்டையும் இப்படி வரைந்து அனுப்பச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். அவருக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை.

தொட்டில் கிழக்கு மூலையில் வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும். சன்னலுக்கு எதிர்மூலையில் போடச் சொல்லுங்கள். நான் அங்கே ஒரு கல்லை வைத்துப் பார்த்துவிட்டேன். அறையின் இன்னொரு மூலையில் உங்கள் நாற்காலிக்கும் இடம் விட்டிருக்கிறேன். காலையில் வந்து உட்காருங்கள். படிக்க ஒன்றுமில்லாவிட்டால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருங்கள்.

எல்லாரும் போன பிறகு வாசலில் நின்று நடக்கத் தொடங்கினேன். ஐந்து தப்படி வைத்ததும் பழக்க தோஷத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். பிறகு ஆறாவது தப்படியை வைத்தேன். சுவர் வரவில்லை.

உங்கள் மாடி வீட்டுப் பிள்ளை